கேட்க ஆளில்லாத கடன்



வருஷக் கடைசி இதழில் வழக்கமாக நன்மைகளை எண்ணி எழுதுவோம். வீடு கட்டினவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பினவர்கள் என்று பட்டியல் நீளும். நான் இந்தத் தடவை எழுதுவது அந்தப் பட்டியலில் சேராது. இது 14,000 ரூபாயைப் பற்றியது. சபையில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் அரைகுறையாகத் தெரியும். மீதிப் பேருக்கு வேறு விதமாகத் தெரியும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாரத்தில் ஆறு நாள் நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து வீட்டுக் கூடுகையும் உபவாச ஜெபமும் நடத்துகிறேன். ஸ்டோர்ஸில் என் வேலை என்னவென்றால், ஒரு பேரிங் வெளியே போகவேண்டுமானாலும் சீட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. மேனேஜரே வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் சாமான் கொடுத்ததில்லை. இருபது வருஷமாக அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

2024 ஜனவரியில் எனக்குப் பழக்கமான ஒருவர் குலுக்கல் சீட்டு ஆரம்பித்தார். அவரும் விசுவாசிதான், வேறு ஊர், வேறு சபை. இருபது பேர், மாதம் 2,000 ரூபாய், இருபது மாதம். முதல் மாதச் சீட்டு நடத்துகிறவருக்கு. அதன்பின் மாதாமாதம் பேர் எழுதிக் குலுக்கி யாருக்கு விழுகிறதோ அவருக்கு 40,000. விழுந்தபிறகும் கடைசிவரை தவணை கட்டவேண்டும். நம் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல. தறிக்காரர், பூக்காரம்மா, மில் தொழிலாளி, வாத்தியார் எல்லாரும் போடுகிறதுதான். ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ஒரு சின்ன அட்டையில் தேதி போட்டு இனிஷியல் வைத்துக் கொடுப்பார். பேரிங்குக்குச் சீட்டு கேட்கிற நான் இதற்கு ஒன்றும் கேட்கவில்லை. விசுவாசிதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதமே என் பேர் விழுந்தது. அப்போது மூத்த மகளின் நர்சிங் காலேஜில் பாக்கி பீஸ் கட்டச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கையில் ஒன்றுமில்லாமல் முழங்கால் போட்டேன், கர்த்தர் நாற்பதாயிரத்தைக் கையில் வைத்தார் என்று சொன்னேன். ஜனங்கள் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் அல்ல.

ஆனால் அந்த 40,000 ரூபாயில் 6,000தான் நான் கட்டியது. மீதி 34,000 மற்றவர்கள் எனக்குக் கொடுத்த கடன். பதினேழு மாதத்தில் நான் திருப்பிக் கட்டவேண்டிய கடன். கடன் வாங்கினதை ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பிரசங்கம் பண்ணுகிறவனுக்குக் கூட்டல் கழித்தல் அப்போது தெரியாமல் போயிற்று.

அடுத்த மாதமே அவர் இரண்டாவது குழு ஆரம்பித்தார். நம் கூடுகையிலிருந்து மூன்று வீட்டார் சேர்ந்தார்கள். ஒரு விதவைத் தாயார், வாசலில் காலை இட்லிக்கடை போடுகிறவர். மில்லில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், அவர் இரண்டு சீட்டுப் போட்டார். ஒரு தம்பதி, இரண்டு பேரும் பால்கோவா போடுகிற இடத்தில் அடுப்படி வேலை பார்க்கிறவர்கள். இவர்களில் யாரையும் நான் 'சேருங்கள்' என்று கூப்பிடவில்லை. அந்த அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டார்கள்: "ஐயா, நம்பிப் போடலாமா?" நான் சொன்னது இதுதான்: "எனக்கு விழுந்துச்சேம்மா." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அதற்குமேல் அவர்களுக்குத் தேவையாகவும் இல்லை.

2025 பிப்ரவரியில் ஆள் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது, போன் ஸ்விட்ச் ஆப். என் குழுவில் பதின்மூன்று தவணை முடிந்திருந்தது. அவர்கள் குழுவில் பத்து. அந்தத் தாயாருக்குப் போனது 20,000. பெரியவருக்கு இரண்டு சீட்டுக்கு 40,000. அந்தத் தம்பதிக்கு 20,000. மூன்று வீட்டிலும் ஒருவருக்குமே சீட்டு விழுந்திருக்கவில்லை. எனக்கு மூன்றாம் மாதமே விழுந்தது எப்படி என்று அப்போதுதான் யோசித்தேன். நாலு பேர் நம்புகிற ஆளுக்கு முதலில் விழவைத்தால் நாற்பது பேர் வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். குலுக்கினதை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. போனில்தான் சொன்னார்.

செய்தி பரவின ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கத்தில் யோபுவைப் பற்றிப் பேசினேன். கர்த்தர் கொடுக்கிறதையும் எடுக்கிறதையும் பற்றி நன்றாகவே பேசினேன். எடுத்தது கர்த்தர் அல்ல, இன்ன ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆராதனை முடிந்து அந்தத் தாயார் வந்து, "நீங்க என்ன பண்ணுவீங்க ஐயா, விடுங்க, நான் யார்மேலயும் மனசுல வைக்கல" என்றார்கள். ஒரு வாரம் எனக்குப் பாரம் இறங்கினது போல இருந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, வேறென்ன?

பாரத்தைத் திரும்ப ஏற்றிவிட்டது என் மனைவி. அவள் வீட்டிலிருந்தே பேண்டேஜ் சுருட்டிப் பாக்கெட் போடுகிற வேலை செய்கிறவள். கணக்கு நோட்டு அவளிடம்தான் இருக்கும். ஏப்ரலில் ஒரு ராத்திரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, நமக்கு வந்தது நாப்பது. நாம கட்டுனது இருபத்தாறு. மீதி பதினாலு யாருதுங்க?"

நான் என் குழு வேறு, அவர்கள் குழு வேறு என்றேன். "அவரு ரெண்டு பெட்டி வச்சிருந்தாரா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்ல முடியவில்லை. ஒரே பை, ஒரே கை. ஒருவர் போட்டதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்து நடத்தின காரியம். அதில் நாங்களெல்லாரும் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் ஏமாந்தவன் அல்ல. அந்தக் கும்பலில் லாபம் பார்த்தவன்.

பிரியமானவர்களே, இந்த 14,000 ரூபாயை யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை. சீட்டு நடத்தினவர் வந்து கேட்கமாட்டார். வந்தாலும் அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. இழந்தவர்களுக்கும் எனக்கும் நடுவே எந்தக் காகிதமும் இல்லை. அந்த அம்மா மன்னித்தும் விட்டார்கள். கேட்க ஆளில்லாத கடன் கடன்தானா? மன்னிப்பு வாங்கினவன் பணத்தையும் வைத்துக்கொள்ளலாமா? பைபிள் காலேஜில் டிப்ளமா படிக்கும்போது இரட்சிப்பைப் பற்றி மூன்று பரீட்சை எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒன்றிலும் வரவில்லை.

சகேயுவின் வீட்டு விருந்தை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் இயேசு அவனிடம் ஒரு பைசா கேட்டதாக எழுதியிருக்கவில்லை. வெளியே நின்று முறுமுறுத்தவர்களும் அவன் பணத்தைக் கேட்கவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னது அவன்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டது முதலில், திருப்பிக் கொடுத்தது அதன்பிறகு. முதலாவது கிடைத்துவிட்டது, ஆகவே இரண்டாவது வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

யாத்திராகமத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டுப்போகிறான். பக்கத்துக்காரனுடைய மாடு வந்து விழுந்து சாகிறது. குழி வெட்டினவன் மாட்டின் விலையைக் கொடுக்கவேண்டும், செத்த மாடு அவனுக்கு. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், குழி வெட்டினவன் கெட்டவன் என்று அங்கே சொல்லப்படவே இல்லை. மாடு விழவேண்டும் என்று அவன் வெட்டவில்லை. மாட்டுக்குக் கண்ணில்லையா, மாட்டுக்காரன் பார்த்து ஓட்டக்கூடாதா என்ற வாதத்துக்கும் அங்கே இடமில்லை. மூடாமல் விட்டான், அது போதும். என் சாட்சி அப்படி ஒரு மூடாத குழி. வெட்டினபோது நான் சந்தோஷமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூப்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் நியாயமாகவே மறுத்தார். "தம்பி, இப்படிப் பார்த்தா யாருமே யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஒரு டாக்டர் பேரைச் சொல்றோம், ஆபரேஷன் சரியா வரல, செலவை நீ கட்டுவியா? அவங்க சின்னப்பிள்ளைகளா?" இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பல நாள் யோசித்தேன். டாக்டர் விஷயத்தில் நான் விசாரிக்கவேண்டியதை விசாரித்துவிட்டுச் சொன்னேன் என்றால், அதன்பின் வருவது என் கணக்கில் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இங்கே நான் விசாரிக்கவில்லை. அதோடு அந்த டாக்டரிடமிருந்து எனக்கு 14,000 ரூபாய் வந்திருக்கவுமில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் என் வாயை மூட முடியவில்லை.

இப்படி ஒரு கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் நியூ இரா என்ற தர்ம ஸ்தாபனம் இருந்தது. கிறிஸ்தவ ஊழியங்களும் கல்லூரிகளும் பணம் கொடுத்து வைத்தால், பேர் சொல்ல விரும்பாத பெரிய தனவந்தர்கள் அதே அளவு போட்டு, ஆறு மாதத்தில் இரட்டிப்பாகத் தருவார்கள் என்றது. கொஞ்ச வருஷம் தந்தது. 1995ல் சரிந்தபோதுதான் அப்படி ஒரு தனவந்தரும் கிடையாது, பின்னால் வந்தவர்கள் பணத்தைத்தான் முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. நடத்தினவருக்கு 1997ல் பன்னிரண்டு வருஷம் சிறை. அதன்பின் நடந்ததுதான் என்னைத் தொட்டது. சீக்கிரம் சேர்ந்து இரட்டிப்பு வாங்கின பல கிறிஸ்தவ ஸ்தாபனங்கள், தாங்கள் போட்டதற்கு மேல் வந்ததைத் திருப்பிக் கொடுத்தன. அது இழந்தவர்களுக்குப் பங்கு வைக்கப்பட்டது. அவர்களும் தெரிந்து ஏமாற்றினவர்கள் அல்ல. ஊழியத்துக்குத்தான் செலவு செய்திருந்தார்கள். இருந்தும் கொடுத்தார்கள். 2008ல் நியூயார்க்கில் மேடாப் என்பவருடைய மோசடி வெளிவந்தபோது இதையே கோர்ட் வழியாகச் செய்தார்கள். போட்டதைவிட அதிகம் எடுத்தவர்களிடம் அந்த அதிகப்படியைத் திரும்ப வாங்கி, இழந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு அதிகாரியே நியமிக்கப்பட்டார். உலகத்தின் சட்டத்துக்கே இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் நடந்தது. புளோரிடாவில் ஒரு ஊழியம், கிரேட்டர் மினிஸ்ட்ரீஸ் என்று பேர், லூக்கா ஆறாம் அதிகாரத்தைக் காட்டியே பணத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி வசூல் பண்ணியது. 2001ல் அதன் தலைவருக்கு 27 வருஷத் தண்டனை கிடைத்தது. வசனத்தைச் சொல்லி வாங்கினால் ரசீது கேட்க யாருக்கும் வாய் வராது. அதுதான் இதிலுள்ள தந்திரம். நான் வசனம் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தில் வைத்துச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அதில் என்ன பேதம் தெரிந்திருக்கும்?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட நம் ஊர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் பொட்டிக் கடைக்கும் மில்லுக்கும் நடுவே தினமும் அந்தப் பேரைக் கேட்கிறவன். பேருக்கு மதிப்பு வந்தபின் மனுஷன் கையிலிருந்து வெளியே போனது ஒரு வீடு. என் பேருக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தபின் என் கைக்குள்ளே வந்தது பதினாலாயிரம். பெரிய இடத்தோடு என்னை ஒப்பிடவில்லை, திசையை மட்டும் சொல்கிறேன்.

மே மாதம் மூன்று வீட்டுக்கும் போனேன். மொத்தம் போனது 80,000. கையில் இருக்கிற 14,000 ரூபாயை உடனே தருகிறேன், மீதியை மாதம் 2,000 வீதம் கட்டுகிறேன் என்றேன். காணிக்கையிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். அது என் சம்பளமும் என் மனைவியின் பேண்டேஜ் கூலியும்தான். போஸ்ட் ஆபீஸில் போட்டுவந்த ஆர்.டி.யை நிறுத்தினோம்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு சீட்டு உங்களை நம்பிப் போட்டேன் பாஸ்டர். இன்னொண்ணு என் ஆசையை நம்பிப் போட்டேன். உங்க கணக்குல ஒண்ணை மட்டும் எழுதுங்க." நான் எத்தனை வற்புறுத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. மூப்பரும் நானும் வாரக்கணக்கில் பேசி முடிவு காணாத விஷயத்தை அவர் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் பிரித்து வைத்துவிட்டார். எது அடுத்தவன் பேச்சால் வந்தது, எது தன் ஆசையால் வந்தது என்று இழந்தவன் தானே பிரித்துச் சொல்லுகிறது பெரிய காரியம். அதை வெளியே இருந்து நான் சொல்லியிருந்தால் அயோக்கியத்தனம். ஆக என் கடன் 60,000 ஆயிற்று. முதல் பணத்தை அந்த அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

அந்த அம்மா தவணை கட்ட மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார்கள். இது எனக்கு அதுவரை தெரியாது. சீட்டுப் போனபின்னும் குழுக் கடனுக்கு இட்லி விற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கைப் பையிலும் போட்டார்கள், நான் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கினேன். மன்னித்தேன் என்று அவர்கள் சொன்னபோது எதை மன்னிக்கிறார்கள் என்றே தெரியாமல் நான் லேசானவனாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். 14,000 அவர்களுக்குக் கொடுத்தேன். மே, ஜூன், ஜூலை மூன்று மாதத் தவணையில் அவர்கள் கணக்கு தீர்ந்தது.

பால்கோவா வேலை பார்க்கிற சகோதரன் வீட்டில் இத்தனை சுலபமாக இல்லை. அவர்கள் பிப்ரவரியிலேயே ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அவர் நிற்கவைத்தே பேசினார். "பணத்தைக் கொடுத்தா திரும்ப வந்துருவோம்னு நினைக்காதீங்க. நாங்க விறகுப் புகையில நின்னு சம்பாதிச்சது. நீங்க மைக்குல நின்னு சொன்னீங்க." நான் சபைக்குக் கூப்பிட வரவில்லை, கணக்குச் சொல்ல வந்தேன் என்றேன். அதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை. உள்ளபடி சொன்னால் என் மனதின் ஒரு ஓரத்தில் அந்த எண்ணம் இருக்கத்தான் செய்தது. பணம் கொடுத்தால் பேர் திரும்பும் என்ற எண்ணம். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

இன்னொரு தவறையும் மறைக்காமல் எழுதவேண்டும். பிப்ரவரியிலேயே சிலர் போலீஸில் மனு கொடுக்கலாம் என்றார்கள். நான் தடுத்தேன். விசுவாசி விசுவாசியைக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தை எடுத்துக்காட்டினேன். எல்லாரும் அடங்கிவிட்டார்கள். உண்மையான காரணம், மனு கொடுத்தால் யார் சொல்லிச் சேர்ந்தீர்கள் என்ற கேள்வி வரும், என் பேர் வரும். வசனத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நான் நனையாமல் நின்றேன். ஏப்ரல் கடைசியில்தான் எல்லாருமாகப் போய் மனு கொடுத்தோம், என் பேரையும் எழுதித்தான் கொடுத்தோம். இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் ஆள் அகப்பட்டிருப்பாரோ என்னவோ. அதற்கும் நான்தான் பொறுப்பு, அதற்கு எத்தனை ரூபாய் என்று போட எனக்குத் தெரியவில்லை.

சீட்டே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கிக்காரர் கதவைத் திறக்காத வீடுகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்தது சீட்டுதான். கேரளாவில் 1969 முதல் அரசாங்கமே சீட்டு நடத்துகிறது. 1982ம் வருஷத்துச் சிட்பண்ட் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சீட்டு ஆரம்பிக்கிறவர் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கவேண்டும், ஒரு சீட்டுத் தொகை அளவுக்கு ஜாமீனாகக் கட்டிவைக்கவேண்டும், ஒவ்வொரு உறுப்பினருக்கும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தரவேண்டும். நடத்துகிற கமிஷன் ஐந்து சதவீதமாக இருந்தது, 2019ல் ஏழு வரை போகலாம் என்று திருத்தினார்கள். ஜாமீன் ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஆள் ஓடினால் எடுத்துக் கொடுக்க. நான் மூன்றே கேள்வி கேட்டிருக்கலாம். பதிவு இருக்கிறதா, ஒப்பந்தம் எங்கே, பணம் எங்கே கிடக்கிறது? கேட்டிருந்தால் அன்றே அவர் முகம் மாறியிருக்கும், நானும் சாட்சி சொல்லியிருக்கமாட்டேன்.

வட்டி ஆசை காட்டுகிறவர்கள் கதை வேறு. அதிலும் நம் ஜனங்கள் அடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்தபோது தமிழ்நாடு அரசு 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. 1998ல் தேக்கு மரக் கம்பெனி அனுபவ் விழுந்தது. 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. 2022ல் ஆருத்ரா, மாதத்துக்கு 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் போலீஸ் வழக்கு. வங்கியில் வருஷத்துக்கே ஆறு, ஏழுதான். வருஷத்துக்கு ஏழு தருகிற உலகத்தில் மாதத்துக்கு முப்பது எங்கிருந்து வரும்? அடுத்து வருகிறவனுடைய முதலிலிருந்துதான் வரவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்புப் பக்கம் நின்ற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், பாலைக் காய்ச்சினால் சுண்டத்தான் செய்யும், சட்டியில் பொங்கி இரட்டிப்பாகிறது என்று ஒருவன் சொன்னால் தண்ணீர் ஊற்றுகிறான். இந்தக் கம்பெனிகளில் ஊர் ஊராக ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் தாங்களும் பணம் போட்ட சாதாரண ஜனங்கள். சித்தப்பா சொன்னார், வாத்தியார் சொன்னார், பாஸ்டர் சொன்னார் என்றுதான் பணம் போயிருக்கிறது. வங்கியில் 2020 முதல் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. பாஸ்டர் பேச்சுக்கு அப்படி ஒன்று கிடையாது.

ஆகவே இந்த வருஷம் முதல் நம் கூடுகையில் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறோம். சீட்டு, நிலம், பண்ட், நகைத் திட்டம், எதைப் பற்றியும் ஜெப மேடையில் சாட்சி இல்லை. சுகமானதைச் சொல்லுங்கள், வேலை கிடைத்ததைச் சொல்லுங்கள், பணம் வந்த வழியைச் சொல்லவேண்டாம். சிலருக்கு இது வருத்தம்தான். சாட்சியைத் தடுக்கிறீர்களே பாஸ்டர் என்று ஒரு தம்பி கேட்டான். தடுக்கத்தான் செய்கிறேன். ஒருவேளை நான் சூடுகண்ட பூனையாக அளவுக்கு மீறிப் போகிறேனோ என்றும் தோன்றுகிறது. மூப்பர்கள் அடுத்த வருஷம் மாற்றலாம் என்றால் மாற்றட்டும்.

டிசம்பர் தவணையோடு 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன், 30,000 பாக்கி. ஆகஸ்டிலிருந்து பெரியவருக்கு ஆயிரம், அந்தச் சகோதரனுக்கு ஆயிரம். இன்னும் பதினைந்து மாதம். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார், சட்டையெல்லாம் பால் வாசனை. கவரை நீட்டினேன். வாங்கி என் கண்முன்னாலேயே பிரித்து இரண்டு தடவை எண்ணினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று கோடு போட்டு வைத்திருந்தார். டிசம்பருக்கு நேராக ஆயிரம் என்று எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடுங்க," என்றார்.

போட்டேன்.